கேசட்டில் வராத பாட்டு

தென்காசியில் ஏறிய குற்றாலம் பஸ்ஸில், என் முன் சீட்டில் நடுவயதுப் பெண்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, கல்யாண வீட்ல வாசிச்ச எங்க அண்ணன் குரூப்பு மெல்லிசைக் குழுதான்.”

“ராக் பேண்டு, ஏட்டி! கல்யாணத்துல வாசிச்சது வயித்துக்கு.”

“சரி. அண்ணனே போய்ச் சேந்துட்டாவ. ரெக்கார்டு பண்ணியும் வெளிய வராத அந்தப் பாட்டையெல்லாம் போன்ல ஏத்தி வச்சு என்ன செய்யப்போறிய? நல்லாருந்தா அப்பவே வந்திருக்கும்லா?”

“கேசட் கம்பெனிக்காரன் கிட்டாருக்குப் பதிலா வீணை போடச் சொன்னான். உங்க அண்ணன் மாட்டேன்னுட்டாவ. அதான் வரல.”

“இப்ப யாரு கேக்கப்போறா?”

மதினி போனை எடுத்துச் சத்தமாக வைத்தாள். பஸ் முழுக்கக் கிட்டார் அலறியது. கண்டக்டர் திரும்பி, “என்ன பாட்டும்மா இது?” என்றார்.

“எங்க வீட்டுக்காரர் பாட்டு. இன்னும் எட்டு இருக்கு, கேளுங்க.”