குளிரம்மா ஒருமுறை பார்த்தது

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அக்காவை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஆய்வகத் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம். அசதியாக இருக்கிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

பேராசிரியர் அம்மையாரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குளிரம்மா! வாழ்நாளெல்லாம் ஓர் உறைகுளிர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அதற்குள் ஒரு சிப். சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குழி. அந்தக் குழியில் ஒரே ஓர் எலக்ட்ரானைப் பிடித்துவைத்து, அதன் சுழற்சியைக் கொண்டு கணக்குப் போடவைக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. செய்பவருக்குத் தாவு தீர்ந்துவிடும்.

பக்கத்தில் லிஃப்ட் ஏறி இறங்கினாலே அந்தச் சுழற்சி கலைந்துபோகும். அதனால் லிஃப்டை நிறுத்திவிடுவார். "ஏம்மா, மாடி ஏத்தியே எங்களைக் கொன்னுடுவீங்களா?" என்று கணக்குப்பிரிவுக்காரர் மூச்சிரைக்கக் கேட்டார். "தொப்பைக்கு நல்லதுதானே, ஏறுங்க" என்றார் அம்மையார்!

முன்பொருமுறை பெரிய வெற்றி என்று பத்திரிகைக்காரர்களை வரவழைத்துவிட்டோம். அவர்கள் எதிரிலேயே அம்மையார், "அது எலக்ட்ரான் இல்லைங்க, வெறும் கம்பியில வந்த மின் இரைச்சல். மன்னிச்சுக்கோங்க" என்றார். தலை குனிந்தாரா? இல்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

கடைசியாக ஆய்வகத்துக்கு வந்த அன்று, அடுத்தடுத்த குழிகளில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றின் சொல் கேட்டு மற்றது திரும்புவதைப் பார்த்தார். அப்படி நடந்தால்தான் கணினி. ஒருமுறைதான் பார்த்தார். "நாளைக்குத் திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார். மறுநாள் அவர் இல்லை.

அம்மையார் சாதித்துவிட்டார் என்று இங்கே அறிவிக்கும்படி இயக்குநர் அவர்கள் கேட்டுக்கொண்டார். மாதக் கடைசியில் இயந்திரத்தை நிறுத்தவும் முடிவாகியிருக்கிறது. மன்னிக்க வேண்டும் ஐயா, அப்படி அறிவிக்க என்னால் முடியாது. நிறுத்தினால் சிப் சூடாகும். மறுபடி குளிர்வித்தாலும் அந்தக் குழிகள் பழையபடி அமையாது. அவர் பார்த்ததை அப்புறம் யாருமே பார்க்க முடியாது. அவரே சொல்லாத வெற்றியை, அவர் போன பிறகு நாம் சொல்வதா? திரும்ப அளக்கும்வரை நிறுத்த விடமாட்டோம். உங்களோடு சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லை. ஆனாலும் போடுவோம்.

தம்பி அவர்களே, "எங்க அக்கா ஜெயிச்சாங்களா?" என்று வாசலில் கேட்டீர்கள். தெரியாது. ஜெயித்திருக்க வேண்டும் என்று எனக்கும் அழுகை முட்டுகிற அளவுக்கு ஆசை. அளந்து பார்க்கிறோம். ஜெயித்திருந்தால் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்து சொல்கிறேன். இல்லையென்றாலும் வந்து சொல்கிறேன்.