சீமெந்தில் இறுக்கிய கண்ணாடி

யுத்தத்தால் பொருட்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த நாட்களில், நெல்லியடிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரு பெண்மணிகளுள் இளையவர் கூறிய வார்த்தை, பிறர் பேச்சுக்குச் செவிகொடாத என்னையும் நிமிர்ந்து பார்க்கச் செய்தது.

“அக்கா, உங்கடை கண்ணாடி வேணுமெண்டால் சுவரோடைதான் கொண்டுபோகவேணும்.”

“என்னடி கதைக்கிறாய்? மகளைப் பொம்பிளை பாக்க வருகினம், ஒரு நாளைக்குத் தாங்கோ எண்டுதானே வாங்கினனி?”

“ஆளுயரக் கண்ணாடியெல்லோ! சுண்ணாம்புச் சுவரிலை ஆணி நிக்கேல்லை. மாப்பிள்ளையின்ரை தாய்க்கு மேலை விழுந்தால் சம்பந்தம் போச்சு. இவர் சீமெந்து குழைச்சு இறுக்கிப்போட்டார்.”

“சீமெந்துக்குத் தடையெல்லோ! எங்கை எடுத்தவர்?”

“ஒளிச்சு வைச்சிருந்தவர். மாப்பிள்ளையின்ரை தாய் மனுசி வேறை, கண்ணாடியைப் பாத்து மயங்கிப்போனா. ஞாயிறு திரும்பவும் வருகினம். கலியாணம் முடிய, சுவரை உடைச்செண்டாலும் தாறம். உங்கடையெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

மூத்தவர் வெறும் போத்தலைக் கீழே வைத்தார்.

“ஞாயிறு நானும் வருவன். அவைக்கு முன்னம் எனக்குத் தேத்தண்ணி தரவேணும்.”

“ஓம் அக்கா.”

“சீனி போட்டு.”

சீனி கிடைத்தற்கரிய காலம் அது. இளையவர் விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தார்.

“ஒரு கரண்டி போடுறன்.”

“ரெண்டு,” என்றார் மூத்தவர்.