பிறந்த வீட்டுக் கோடி

மாலை ஏழு மணி. ஓரிக்கையில் பாலாற்றங்கரைக்குப் போகிற மண் பாதை. இரண்டு பக்கமும் கருவேல முள். விளக்கு கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது... நெருங்கி உட்காருங்கள். குளிருக்காகச் சொல்கிறேன். பேய்க்குப் பயந்து ஒட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

என் சிநேகிதர் ஒருவரின் மைத்துனர் வேலாயுதம். பட்டுத் தறிக் குடும்பம். யாருக்கும் குனியாத முதுகு. அன்றைக்கு அந்தப் பாதையில் பட்டுப் பாவாடை கட்டிய பேத்தி துர்காவை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைத் திடலுக்குப் போனார். அங்கே பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம்.

அதுவும் ஒரு ஆட்டமா! பூசணிக்காய்க்கும் அணிலுக்கும் கல்யாணமாம். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைப் பூசணி உருண்டு ஓடுகிறது. கத்தரிக்காய் போலீஸ் விசில் ஊதித் துரத்துகிறது. மணலில் உட்கார்ந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலாயுதம் மட்டும் கடைசியில் நின்று, துண்டால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார்.

கூத்தாடிகள் என்றாலே அவருக்குக் குமட்டும். காரணம் உண்டு. அவர் தங்கை ஏலவார்குழலி, ஒரு பொம்மலாட்டக்காரனோடு ஓடிப்போனவள். அவள் செத்த சேதியோடு, கோடிப் புடவை கேட்டு ஆள் வந்தது. பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தித்தான் எடுப்பது வழக்கம். வீடு நிறையப் பட்டு. வேலாயுதம் ஒரு முழம் துணிகூடக் கொடுக்கவில்லை. "எங்க வீட்ல அப்படி ஒருத்தி பொறக்கவே இல்ல" என்று கதவைச் சாத்தினார்.

திடலில் கல்யாணப் பாட்டு பாதியில் நின்றது.

மேடைக்கு ஒரு பொம்மை வந்தது... உடம்பில் துணியே இல்லை. வெறும் மரம். தலையில் கொண்டை மட்டும்.

"அய்யே... ஷேம் ஷேம்!" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

பொம்மை அவர்களைப் பார்க்கவில்லை. கடைசியில் நின்றவரைப் பார்த்தது.

"கோடி வரலியே அண்ணா... குளிருதே..."

யாரோ சிரித்தார்கள். "வேலாயுதம் ஐயாவையா கேக்குது? பொம்மைக்கு உறவு கெடச்சிடுச்சிபா!"

அவருக்கு ரத்தம் கொதித்தது. "எவன்டா அவன்? என் குடும்பத்த மேடை ஏத்துறது?"

திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டக்காரன் அருள் வெளியே வந்தான். வியர்த்திருந்தான். "ஐயா, நான் பூசணிய புடிச்சிக்கினு இருந்தேங்க. இது... இந்தப் பொம்ம எங்க பெட்டியிலயே கெடையாதுங்க."

அவன் இரண்டு கையும் காலி. பொம்மை அவனுக்குப் பின்னால், மேடையில் நின்றபடியேதான் இருந்தது. கயிறு இல்லை.

வேலாயுதம் திடலுக்கே கேட்கும்படி சொன்னார். "எங்க வீட்ல அப்படி ஒருத்தி பொறக்கவே இல்ல!"

விளக்குகள் அணைந்தன.

பிள்ளைகள் அலறி ஓடினார்கள். "துர்கா! வா இங்க!" இருட்டில் கையை நீட்டினார். ஒரு சின்னக் கை வந்து சேர்ந்தது. சந்தேகத்துக்குப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். பட்டின் கரையைத் துணியின் உடல் பகுதியோடு கோத்து நெய்த இடம் விரலில் தட்டுப்பட்டது. அவர் தறியில் அவரே நெய்தது. அப்புறம் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? கண் பொய் சொல்லும், நெசவாளி விரல் சொல்லாது என்பது அவர் நினைப்பு.

நடந்தார். பக்கத்தில் பட்டு சரசரத்தது. டக்... டக்... புதுச் செருப்பு என்று நினைத்தார். எண்ணெய் ஊறிய பழைய மரத்தின் வாடை அடித்தது. ஆற்றங்கரைக் காற்று என்று நினைத்தார்.

"ஒரு மரக்கட்டையப் பாத்துப் பயந்துட்டியா? நம்ம வீட்டுப் புள்ளையா நீ?"

கை மட்டும் இறுகியது.

வீட்டு வாசலில் மருமகள் சுகாசினி செல்போன் விளக்கோடு நின்றாள்.

"மாமா... கொழந்த எங்க?"

வேலாயுதம் அப்போதுதான் குனிந்து பார்த்தார். பாவாடை இல்லை. யாரும் இல்லை. அவர் பிடியில் இருந்தது ஒரு மரக்கை. மணிக்கட்டு வரைக்கும்தான்...

மகன் தினகரன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். திடலில் மேடை இல்லை, அருளும் இல்லை. மணலில், உட்கார வைத்த இடத்திலேயே, உள்பாவாடையோடு துர்கா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அந்தம்மாவுக்குக் குளிருதாம்பா. நான்தான் பாவாடைய அவுத்துக் குடுத்தேன். நான் அவங்க வூட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க."

வேலாயுதத்தை இப்போது கேட்டாலும் கூத்தாடிப் பயல்களின் கண்கட்டு என்றுதான் சொல்வார். அப்படி ஒரு தங்கை பிறக்கவே இல்லை என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த வீட்டில், துர்கா என்று கூப்பிட்டால், அந்தக் குழந்தைக்கு முதலில், யாரோ மேலே கயிற்றைச் சுண்டினாற்போல, கை எழும்புகிறது.

அப்புறம்தான்... தலை.