தாளில் அடங்காத இலை

பங்குனி உத்திரத்தன்று காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்தில் வழக்கமான கடையில் இட்லி சாப்பிட்டேன். சட்னியும் சாம்பாரும் ஒன்றோடொன்று ஒட்டினால் எனக்குக் குமட்டும். பரிமாறுகிறவருக்கு அது தெரியும். தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தார்.

தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். தொடக்கம் ஒரு பெரணி.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஆஞ்சியோப்டெரிஸ் என்பது பெரணிகளில் மிகப் பெரியவை அடங்கிய ஒரு பேரினம். அடிப்பகுதி யானையின் கால்போலத் தரையில் ஊன்றியிருக்கும். ஓர் இலை ஆளைவிட நீளம். மடகாஸ்கரில் தொடங்கி இலங்கை, நம் மேற்கு மலை, மலேயா என்று பசிபிக் தீவுகள்வரை பரவியிருக்கிறது. அத்தனையும் ஒரே இனம் என்று சிலர் சொல்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் என்று வேறு சிலர். முதல் வகையினரை எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறவர்கள்.

இந்த ஊருக்கு மேற்கே, ஆனைக்கல் பள்ளத்தில், நான் ஒரு புதிய இனத்தைக் கண்டேன். இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் மெல்லிய பொய்நரம்புகள் மற்ற இடத்துச் செடிகளில் நீளமாக இருக்கும். என்னுடையதில் குட்டை. உலகில் அந்த ஒரு பள்ளத்தில் மட்டும். ஊரின் பெயரையே வைத்தேன். இனத்தின் பெயருக்குப் பின்னால் என் பெயர் வரும். அது உலக வழக்கம்.

பிறகு ஒரு மழையில் மண் சரிந்து அந்தப் பள்ளம் மூடிவிட்டது. என் இனத்துக்கு மிஞ்சியது நான் இலையை உலர்த்தி ஒட்டிய சான்றுத் தாள் மட்டும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரித்த செய்தித்தாளில் பாதிகூட இராது. ஆள் உயர இலை அதில் அடங்காது. ஒரு துண்டைத்தான் வெட்டி ஒட்ட முடியும். நான் நுனியை ஒட்டினேன். நுனி சுத்தமாக இருக்கும். அடியில் பசை, பூச்சி, மண்.

சிவரஞ்சனி என்னிடம் ஆய்வு செய்தவள். தேவதானத்துப் பெண். மலை முகட்டுக்கு அந்தப்பக்கம் ஈச்சம்பள்ளத்தில் இன்னொரு கூட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஓர் இலையை முழுசாக வெட்டி, துண்டுகளுக்கு எண் போட்டு, மேசையில் வரிசையாகப் பரப்பினாள். துண்டுகளிலிருந்து ஈர வாடை வந்தது.

“நுனியில குட்டையா இருக்கு சார். அடியில பாருங்க, நீளம். ஒரே இலையில ரெண்டும் இருக்கு.”

“நோய்வாய்ப்பட்ட செடியா இருக்கும்.”

“எல்லாச் செடியும் இப்படித்தான் சார். நம்ம தாள்ல நுனி மட்டும் இருக்குறதாலதான் வேற மாதிரி தெரிஞ்சிருக்கு. புது இனமே இல்ல சார்.”

நம்ம தாள் என்றாள். அவள் முகத்தில் ஏளனம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று துண்டுகளை வாங்கி, ஈரத்தோடு பையில் கட்டி, அலமாரிக்குள் வைத்தேன். அவை அழுகின. காட்டியபோது அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பரவால்ல சார். லீவுல மறுபடி போயி எடுத்துட்டு வாரேன்.”

ஈச்சம்பள்ளத்துக்குக் கீழே வேட்டைத்தடுப்புக் காவலர் கருத்தப்பாண்டியும் அவர் மனைவி பாலம்மாளும் இருந்தார்கள். சிவரஞ்சனி போனால் அவர்கள் குடிசையில்தான் தங்குவாள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். என் இனத்தின் படத்தையும் அவர்கள் பள்ளத்துச் செடியையும் காட்டி வித்தியாசத்தை விளக்கினேன். பாலம்மாள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“சார் கண்ணாடியக் கழட்டிட்டா ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள்.

“ஏட்டி, சும்மா கெட. சாரு எம்புட்டுப் படிச்சவிய,” என்றார் கருத்தப்பாண்டி. சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிவரஞ்சனியும் சிரித்தாள். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். மேலே ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் வழியாக வருவது. நல்ல தண்ணீர்.

உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம். அவர்கள் இருவரும் அதற்குப் போய்விடுவார்கள் என்று விசாரித்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தேன். யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறினேன். கைத்துளைப்பானால் ஒவ்வொரு செடியின் அடியிலும் துளையிட்டுக் களைக்கொல்லியை ஊற்றினேன். அந்தச் செடியைத் துளைத்தால் சளிபோன்ற பசை வழியும். விரலிடுக்கில் ஏறும். துடைத்தால் இழையாக நீளும். அத்தனை செடியிலும் அதையே செய்தேன். நுனியில் என் இனம், அடியில் வேறு ஏதோ. அசலாக இருக்க முடியாத ஒன்று அங்கே இத்தனை காலம் கொழுத்திருந்திருக்கிறது.

முடிந்ததும் ஊற்றுக்குப் போனேன். கோடை. தண்ணீர் ஓடவில்லை, குழியில் தேங்கியிருந்தது. கையைக் கழுவினேன். டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. அந்த நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியாது. குழியில் கவிழ்த்து டப்பாவை அலசினேன். அலசும்போது ஹோஸின் வாய் என் மணிக்கட்டில் இடித்தது. அதைச் சற்று ஒதுக்கிவிட்டு அலசினேன்.

இறங்கும்போது குடிசைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. யாருடையது என்று நான் பார்க்கவில்லை. சிவரஞ்சனியுடையதைப் போல நீல வார் வைத்தது.

அவள் அன்று மாலை அந்தத் தண்ணீரில் கடுங்காப்பி போட்டுக் குடித்திருக்கிறாள். மறுநாள் திரும்பிய பாலம்மாளும் கருத்தப்பாண்டியும் அவள் வாந்தியில் கிடப்பதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நல்லவேளை, அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஆய்வு வழிகாட்டி என்ற முறையில் மருத்துவமனைக்குப் போனேன். வாய் முழுவதும் வெந்திருந்தது. உதடு தோலுரிந்து தொங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். என்ன விஷம் என்று தெரிந்தால் வைத்தியத்தை மாற்றலாம், நேரம் போகிறது, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று மருத்துவர் கேட்டார். அவள் அம்மா முத்தாத்தாள் என் முகத்தைப் பார்த்தார். படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று. காட்டில் விஷக்காளான் உண்டு என்று சொன்னேன். அது உண்மை. காட்டில் உண்டு.

பல நாள் மூச்சுத் திணறி இறந்தாள். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல.

இவ்வளவையும் நான் செய்தேன். மறுக்கவில்லை. ஆனால் கோபத்தால் கொன்றதாக எழுதாதீர்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவளுடைய ஆய்வேட்டை நானே சீர்செய்து, தவறான அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அவள் பெயரிலேயே பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப எண்ணியிருந்தேன். அது நான் அவளுக்குச் செய்யும் மரியாதை.

அவள் பேசவில்லை என்று முன்பு எழுதிக்கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் வரச்சொன்னாள். குனிந்தேன். உத்திரத்துக்கு மறுநாள் காலையில் மேலே போய்ப் பார்த்திருக்கிறாள். இலைகள் கருகியிருந்ததையும் அடியில் துளைகளையும். அதன் பிறகுதான் விழுந்திருக்கிறாள்.

“சார், நான் எதையும் எழுதல. உங்க இனம் உங்க பேர்லயே இருக்கட்டும். தண்ணியில என்னத்தக் கலந்தீங்கன்னு மட்டும் டாக்டர்ட்ட சொல்லிருதீங்களா?”