அடிக்காத ஹாரன்

எனக்கு உப்புக்காற்று ஒத்துக்கொள்ளாது ஐயா. ஆனாலும் பாய்மரப் படகுப் போட்டி என்றால் நடுவராக என்னைத்தான் கூப்பிடுவார்கள். விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். எட்டு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவன். முட்டி தேய்ந்த பிறகுதான் நடுவர் படகுக்கு வந்தேன்.

தங்கையின் கணவரும் எட்டு வாங்கிவிட்டார். அன்று ஜெயித்தால் ஒன்பது. தங்கமான மனிதர். என் முட்டி ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து என்னைக் கவனித்தவர்.

முடிவுக் கோடு என்பது எங்கள் படகின் கொடிக்கம்பத்துக்கும் ஆரஞ்சு மிதவைக்கும் நடுவே கண்ணால் இழுக்கிற கோடு. படகின் முனை அதைத் தொட்டாலே போட்டி முடிந்தது, ஹாரன் அடிப்பேன். மிதவைக்கு வெளிப்பக்கமாகப் போனால் முடித்ததாகாது. திரும்பி வந்து சரியாகக் கடக்கலாம். ஆனால் பிழையை ஓட்டுகிறவரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று வானம் கறுத்துச் சூறைக்காற்று கிளம்பியது. பின்தங்கிய படகுகள் கரைக்குத் திரும்பின. அவற்றுக்குத் துணையாக மீட்புப் படகையும் அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை மட்டும் தனியாக, மிதவையை உரசுவதுபோல் வந்தார். நான் ஹாரன் அடிக்கவில்லை.

குறிப்பெழுதும் டீச்சர் மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முடிச்சிட்டாருல்ல சார்?" என்றார். மிதவைக்கு வெளியே போய்விட்டார் என்றேன். டீச்சர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"மச்சான், உள்ளதான வந்தேன்?"

மாப்பிள்ளை கேட்டது காதில் விழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு தன்னுடையது என்றே நினைத்திருப்பார். என்னைச் சந்தேகப்படத் தெரியாது அவருக்கு. பாயைத் திருப்பிக்கொண்டு மறுபடி காற்றுக்குள் போனார்.

மிதவையைச் சுற்றும்போது படகு கவிழ்ந்தது. மீட்புப் படகைக் கூப்பிட டீச்சர் வாக்கி டாக்கியை எடுத்தார்.

"வேணாம் டீச்சர். வெளியாள் கை வச்சா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க. அவரே நிமித்திடுவாரு."

ஆபத்தில் இருப்பவருக்கு உதவலாம் என்றும் விதி உண்டு. ஆபத்தா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான். பதினோரு நிமிடம் பொறுத்துக் கூப்பிடச் சொன்னேன். அதற்குள் தண்ணீரில் அவர் அசைவு நின்றுவிட்டிருந்தது.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு கோட்டைத் தாண்டிட்டாராண்ணா?" இல்லை என்றேன்.

தாண்டியிருந்தார், ஐயா. முதல் தடவையே, மிதவைக்கு ஒரு முழம் உள்ளே, சுத்தமாக. இந்த விஷயத்தில் என் கண் தப்பாது.

கோப்பையை மாப்பிள்ளை பெயரிலேயே கொடுத்துவிடலாமே என்று கமிட்டியில் எல்லோரும் அழுதுகொண்டே கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டியை முடிக்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? சொந்தக்காரர் என்பதற்காக விதியை வளைக்கிற ஆள் நானில்லை.