மேட்டுக்காட்டுக்குக் கீழே இறங்கிய சிவப்புத் துணி

குன்னூர் மலைச்சரிவில் குளிரென்றும் மழையென்றும் பாராமல் எங்களோடு ஏறி இறங்கிய பெருந்தகையே, தேயிலைக்குப் பகையான களையைக்கூடக் குனிந்து பார்த்துக் குணமறிந்த பண்பாளரே, பனிச்சோலை எஸ்டேட்டின் ஃபீல்டு ஆபீசர் திரு. சுவிசேஷமுத்து ஐயா அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் அன்பும் வணக்கமும்.

புகழ்ச்சி தொடங்கினால் தாங்கள் கதவைப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தங்கள் நற்பணிகள் அனைத்தையும் அடுக்காமல், மேட்டுக்காட்டுத் தேயிலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அருள்கூர்ந்து அமர்ந்திருங்கள்.

மேட்டுக்காட்டுக்கு நேர் கீழேதான் குழந்தைகள் காப்பகம். மேலே களைக்கொல்லி அடிக்கும் நாளில் காப்பகத்துக் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறும். ஆயா ஹன்னா ஜன்னல்களைச் சாத்துவார். பிள்ளைகள் பகல் முழுவதும் உள்ளேயே கிடப்பார்கள். மருந்துக் கேனை முதுகில் சுமந்த ரஞ்சனிக்கு, கீழே தன் மகன் ஜீவா இருமுவது கேட்கும். எங்களுக்கெல்லாம் பழகிப்போன அந்தக் காட்சி, ஐயா, தங்களுக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை.

கிராம்பு எண்ணெயையும் எலுமிச்சைப் புல் எண்ணெயையும் சோப்புக் கரைசலில் கலந்து களைமேல் தெளிக்கலாம் என்று தாங்கள் சொன்னபோது மேனேஜர் ஒரு கெடு வைத்தார். மழைக்கு முன் மேட்டுக்காட்டில் களை அடங்க வேண்டும். இல்லையேல் பழைய மருந்தும் பழைய சிவப்புத் துணியும் திரும்பி வரும்.

முதல் முயற்சி படுதோல்வி. மருந்தடிக்கும் காத்தமுத்து அண்ணன் களையைக் காட்டி, "ஏனுங்க ஐயா, இது எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி மினுமினுன்னு நிக்குதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தோம், ரஞ்சனியைத் தவிர.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பெயர் கூப்பிட்டு முடித்ததும் தாங்கள் சொன்னீர்கள்: "தப்பு எண்ணெய் மேல இல்லைங்க, என் மேலதான்." பெரட்டு முடிந்த கையோடு தெளித்துவிட்டு மதியமே வீடு திரும்புவது இங்கே மருந்தடிப்போரின் நெடுநாள் வழக்கம். அந்த நேரத்தில் இலையெல்லாம் பனி. எண்ணெய் பனியோடு வழிந்து மண்ணுக்குப் போயிருந்தது. இனி வெயில் ஏறி இலை உலர்ந்த பிறகே தெளிக்க வேண்டும் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. மதியம் வீடு போவதை யார்தான் விடுவார்கள்? ரஞ்சனிதான் முதலில் கேனைத் தூக்கினார். "நான் வாறேன் ஐயா. புள்ள கீழதானே இருக்கு."

அன்று முதல் தாங்கள் புறங்கையால் இலையைத் தடவிப் பார்த்து, ஈரமிருந்தால் "பொறுங்க" என்பீர்கள். எண்ணெயின் காரம் இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்து உள்ளே இறங்கும், நீரைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சவ்வுகளைச் சிதைக்கும், பிறகு வெயிலே இலையை உலர்த்திவிடும் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னீர்கள். அது காற்றில் கலைந்து போகும், மண்ணில் நெடுநாள் தங்காது என்றீர்கள். குறையையும் மறைக்கவில்லை. வேர் சாகாது, துளிர்த்தால் இளசிலேயே மறுபடி தெளிக்க வேண்டும்; தேயிலை மேல் பட்டால் அதுவும் கருகும்; கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி போடுங்கள் என்று நச்சரித்தீர்கள்.

உலர்ந்த இலையில் தெளித்த அன்று மாலைக்குள் களைகள் சுடுதண்ணீர் பட்ட கீரையாய்த் துவண்டன. துளிர்த்தவற்றின் மேல் மறுபடி தெளித்து முடித்தபோதும் மழை இன்னும் வந்திருக்கவில்லை. மேனேஜர் மேட்டுக்காட்டை முழுவதும் சுற்றி வந்து, "அடுத்த தடவைக்கும் எண்ணெயே வாங்கிடுங்க" என்றார். ரஞ்சனி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

போன வாரம் மேட்டுக்காட்டில் தெளித்தபோது காப்பகத்தின் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. முற்றத்தில் விளையாடிய ஜீவா கிராம்பு வாசம் பிடித்து, "ஆயா, இன்னைக்குப் பிரியாணியா?" என்று கேட்டானாம். பருப்புச் சோறுதான் என்றதும் கோபித்துக்கொண்டானாம்.

கேத்தியில் தங்கள் மகனின் கேரட் தோட்டம் காத்திருக்கிறது. அங்கும் களைக்குப் பஞ்சமில்லை. மூட்டுவலி அண்டாமல், மூச்சிரைப்பு தீண்டாமல், துணைவியார் தபித்தாள் அம்மையாரோடு பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு நலமாக வாழ்க. நாளை முதல் புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்த்து "பொறுங்க" என்று சொல்லப்போவது ரஞ்சனி.

இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள், எழுத்துகளுக்குப் பின்னே விரிந்திருப்பது காப்பகத்துக் கம்பத்தில் ஏறிய அதே சிவப்புத் துணி. ரஞ்சனிதான் அவிழ்த்துத் துவைத்துத் தந்தார். அதைத் திரும்பக் கேட்டு எங்களில் ஒருவரும் தங்கள் வீட்டுக்கு வரமாட்டோம்.

நன்றி மறவாத,
பனிச்சோலை எஸ்டேட் அலுவலர்கள், தோட்டப் பணியாளர்கள், காப்பகத்துப் பிள்ளைகள்