கடைசிப் பத்தி

நான் காலையில் பேப்பர் படிப்பதில்லை ஐயா. முந்தின நாளே மென்று துப்பியதை மறுபடி யார் வாயில் போடுவார்கள்?

பத்திரிகையில் என் வேலை வெட்டுவது. செய்தியாளர்கள் அளந்து எழுதும் ஜாதி இல்லை. இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி நான் வெட்டிக்கொண்டு வருவேன். எல்லாச் செய்திக்கும் ஒரே கத்தரிதான். வேலைநிறுத்தம் என்றால் முதலில் பொதுமக்கள் அவதி வரும், அடுத்து அமைச்சரின் எச்சரிக்கை. ஊழியர்கள் எதற்காக நிறுத்தினார்கள் என்பது கடைசியில் வரும், அது போய்விடும். பஸ்காரர்கள், நர்சுகள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரும் பத்தொன்பது வருடமாக என் பக்கத்தில் காரணமே இல்லாமல் வேலையை நிறுத்தினார்கள். நான் ஒரு வார்த்தை பொய் எழுதியதில்லை.

என் அக்காவின் கணவர் அரசு ஆம்புலன்ஸ் ஓட்டுநர். தங்கமான மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"மாப்ள, எங்க காரணத்த இந்தத் தடவையாவது போடுவியா, இல்ல அதுக்கும் கத்தரியா?"

"இடம் இருந்தா போடுறேன் மாமா."

அக்கா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் நானும் சிரித்துவைப்பேன்.

போன மாதம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினாறு மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் ஒரு குழந்தை இறந்தது. செய்தி என் மேசைக்கு வந்தது. அதன் கடைசிப் பத்தியில், போராட்டப் பந்தலில் இருந்த ஓட்டுநர் ஒருவர், தகவல் கேட்டதும் தானாகவே வண்டியை எடுத்துப் போய்க் குழந்தையை ஏற்றி வந்ததாகவும், வழியிலேயே உயிர் பிரிந்ததாகவும் இருந்தது. கூட வந்த படத்தில் மாமா வண்டியில் சாய்ந்து நின்றார்.

வழக்கம்போல் கடைசிப் பத்தியை எடுத்தேன். 'வேலைநிறுத்தம் பறித்த பிஞ்சு உயிர்' என்று தலைப்பு, கீழே மாமா. கச்சிதமாக உட்கார்ந்தது. ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை மாமா பால் வாங்கப் போனார். கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் சொல்ல வந்ததைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை, அடித்துப் போட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள்தான் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மாமா பிழைக்கவில்லை. அந்தச் செய்தியையும் நான்தான் வெட்டினேன்.

"அவர்தானேடா அந்தப் புள்ளைய தூக்கிட்டு வந்தாரு. அத ஏன்டா போடல?" என்று அக்கா கேட்டாள்.

"இடம் இல்லக்கா."

அவள் நம்பிவிட்டாள். நீங்கள் நம்பவில்லை, விசாரணைக்கென்று அன்றைய பக்கத்தையே கையில் வைத்திருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அன்று ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டது. எட்டு வரிக்கு இடம் காலியாக இருந்தது. நான் எடுத்த பத்தி ஆறு வரி. மாமாவின் படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தை நிரப்பினேன். முகம் நன்றாகத் தெரிந்தது.

அதில்கூட ஒரு வார்த்தை பொய் இல்லை ஐயா.